1.77 என்ற எண்ணுக்கு அலகு என்ன? கிம்லி விமான நிகழ்வு: அளவீட்டு நோக்கில் ஓர் ஆய்வு

1983 ஜூலை 23 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடாவின் 143 ஆம் எண் விமானம், 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. மானிட்டோபா மாகாணத்தின் கிம்லி என்ற சிற்றூரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் அது மிதந்து வந்து இறங்கியது. 61 பயணிகளும் 8 பணியாளர்களும் உயிர் தப்பினர். "கிம்லி கிளைடர்" என்ற பெயரில் பெரும்பாலும் விமானிகளின் திறமைக்காகவே பேசப்படும் இந்த நிகழ்வு, அடிப்படை அளவுகளையும் (நீளம், நிறை போன்றவை) வழி அளவுகளையும் (அவற்றைக் கொண்டு வரையறுக்கப்படும் பருமன், அடர்த்தி போன்றவை) கற்பிக்கிறவர்களுக்கு வேறொரு காரணத்தால் முக்கியமானது. நிறை என்ற அடிப்படை அளவு நடைமுறையில் எப்படிப் பெறப்படுகிறது, அந்த வழியில் பிழை எந்த இடத்தில் நுழைகிறது என்பதை இவ்வளவு தெளிவான எண்களோடு காட்டும் நிகழ்வுகள் அரிது. இதில் தொடர்புடையவர்களின் பெயர்கள் இந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை.

பின்னணி

கனடா 1970 களில் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏர் கனடா நிறுவனம் புதிதாக வாங்கிய போயிங் 767 விமானங்களே அதன் அணியில் எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட்ட முதல் விமானங்கள். மற்றவை அனைத்தும் பவுண்டில் கணக்கிடப்பட்டன. எரிபொருள் லாரியோ லிட்டரில் அளந்து கொடுத்தது. ஆகவே ஒரே விமான நிலையத்தில், ஒரே பணியாளர்களின் கையில், லிட்டர், பவுண்டு, கிலோகிராம் ஆகிய மூன்றும் அன்றாடம் புழங்கின.

எரிபொருளை ஏன் பருமனில் கணக்கிடாமல் நிறையில் கணக்கிட வேண்டும் என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். வெப்பநிலை உயர்ந்தால் எரிபொருள் விரிவடைகிறது. அதன் லிட்டர் கணக்கு மாறுகிறது, நிறை மாறுவதில்லை. எரியும்போது கிடைக்கும் ஆற்றலும், விமானம் தூக்கிச் செல்லவேண்டிய சுமையும் நிறையைச் சார்ந்தவை. எனவே பயணத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பது நிறையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளை யாரும் தராசில் வைத்து நிறுப்பதில்லை. தொட்டிகளுக்குள் இருக்கும் மின்தேக்கி வகை உணரிகள் தரும் மின் அளவீட்டிலிருந்து ஒரு கணினி அதன் நிறையைக் கணித்துக் காட்டுகிறது. ஏழு அடிப்படை அளவுகளில் ஒன்று என்று நாம் பாடத்தில் முதல் வரியில் எழுதும் நிறை, விமானியின் முன்னால் ஒரு கணக்கின் விடையாகவே வந்து நிற்கிறது.

பின்னணியில் இன்னொரு செய்தியும் உண்டு. பழைய பெரிய விமானங்களில் விமானப் பொறியாளர் என்ற மூன்றாவது பணியாளர் எரிபொருள் கணக்கைப் பார்த்துக்கொண்டார். 767 இரண்டு விமானிகள் மட்டும் இயக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. மூன்றாமவர் நீங்கிய பிறகு, எரிபொருள் அளவைக் காட்டும் கருவி பழுதானால் அந்தக் கணக்கு யாருடைய பொறுப்பு என்பது தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை.

கவனிக்கப்பட்டவை

அந்த விமானத்தின் எரிபொருள் காட்டி இரண்டு தனித்தனி வழித்தடங்களைக் கொண்டது. அவற்றில் ஒன்று, சால்டரிங் சரியாகப் பிடிக்காத ஓர் இணைப்பினால் பழுதாகியிருந்தது. முந்தைய நாள் எட்மன்டனில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர், பழுதான வழித்தடத்தின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டால் மற்றொரு வழித்தடம் சரியாக இயங்குவதைக் கண்டு, அவ்வாறே செய்து அதற்கு அடையாளச் சீட்டும் ஒட்டினார். மான்ட்ரியலில் வேறொரு பணியாளர் சோதனைக்காக அந்தப் பிரேக்கரை மீண்டும் உள்ளே தள்ளினார்; காட்டிகள் வெறுமையாயின; இடையில் வேறு வேலை குறுக்கிட, அதை மறுபடி வெளியே இழுக்காமல் விட்டுவிட்டார். மாற்று உதிரிப்பாகம் கையிருப்பில் இல்லை.

இந்த நிலையில் எரிபொருள் கையால் அளக்கப்பட்டது. இறக்கையின் அடிப்புறத்திலிருந்து கீழே இழுக்கும் அளவுக் குச்சியில் எரிபொருளின் மட்டம் சென்டிமீட்டரில் படிக்கப்படுகிறது. அன்று கிடைத்த அளவீடுகள் 62 சென்டிமீட்டர், 64 சென்டிமீட்டர். விமானத்தோடு வரும் அட்டவணையைப் பார்த்து இவை 3,758 லிட்டராகவும் 3,924 லிட்டராகவும் மாற்றப்பட்டன. மொத்தம் 7,682 லிட்டர்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது நல்லது. அன்று அந்த விமானத்தின் அருகே நின்று ஒருவர் உண்மையில் அளந்தது நீளத்தை மட்டுமே. 62 சென்டிமீட்டருக்கு 3,758 லிட்டர் என்றால் சராசரியாகச் சென்டிமீட்டருக்கு 61 லிட்டர் ஆகிறது. ஆனால் அதற்கு மேல் வரும் 2 சென்டிமீட்டருக்கு 166 லிட்டர், அதாவது சென்டிமீட்டருக்கு 83 லிட்டர் கூடுகிறது. இறக்கைத் தொட்டி ஒரு செவ்வகப் பெட்டி அல்ல என்பதால் நீளத்திலிருந்து பருமனுக்கு எளிய பெருக்கல் கிடையாது. அட்டவணைதான் அந்தப் பாலம். அந்தப் பாலத்தில் தவறு நேரவில்லை. அட்டவணையின் ஒரு பக்கத்தில் சென்டிமீட்டர் என்றும் மறுபக்கத்தில் லிட்டர் என்றும் எழுதப்பட்டிருந்தது. தவறு, பருமனிலிருந்து நிறைக்குப் போகும் அடுத்த பாலத்தில் நேர்ந்தது. அங்கே எழுதப்பட்டிருந்தது ஓர் எண் மட்டுமே.

கணக்கும் அதன் பிழையும்

பயணத்துக்குத் தேவையான எரிபொருள் 22,300 கிலோகிராம். தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் 7,682 லிட்டரின் நிறையைக் கண்டு, அதைத் தேவையிலிருந்து கழித்து, மீதியை மீண்டும் லிட்டராக மாற்றினால் லாரியிலிருந்து எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பது தெரியும். பெருக்கியாகப் பயன்பட்ட எண் 1.77.

7,682 ஐ 1.77 ஆல் பெருக்க 13,597 கிடைத்தது. 22,300 லிருந்து 13,597 ஐக் கழிக்க 8,703 மிஞ்சியது. அதை 1.77 ஆல் வகுக்க 4,917 வந்தது. ஏறத்தாழ அவ்வளவு லிட்டர் நிரப்பப்பட்டது.

1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் நிறை பவுண்டில். கிலோகிராமில் அது 0.803. ஆகவே 13,597 என்பது பவுண்டு. 22,300 என்பது கிலோகிராம். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கப்பட்டன. சரியான கணக்கில், தொட்டியில் இருந்தது 6,169 கிலோகிராம். தேவைப்பட்ட மீதி 16,131 கிலோகிராம். நிரப்பியிருக்க வேண்டியது ஏறத்தாழ 20,088 லிட்டர். விமானம் புறப்படும்போது அதில் இருந்தது 22,300 பவுண்டு, அதாவது சுமார் 10,100 கிலோகிராம். தேவையில் பாதிக்கும் குறைவு.

அந்தக் கழித்தலைப் பரிமாணப் பகுப்பாய்வுக்கு (ஒரு கணக்கில் வரும் அளவுகள் வகையால் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனைக்கு) உட்படுத்தினால் என்ன ஆகும் என்பது ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. அடர்த்தியின் பரிமாணம், நிறையை நீளத்தின் மும்மடியால் வகுத்தது. பருமனின் பரிமாணம், நீளத்தின் மும்மடி. பெருக்கினால் நிறை. நிறையிலிருந்து நிறையைக் கழித்தால் நிறை. அதை அடர்த்தியால் வகுத்தால் பருமன். ஒரே பரிமாணமுள்ளவற்றையே கூட்டவோ கழிக்கவோ வேண்டும் என்ற ஒருபடித்தான நெறிமுறை ஒவ்வொரு வரியிலும் பழுதின்றி நிறைவேறுகிறது. பெருக்க வேண்டிய இடத்தில் யாரேனும் வகுத்திருந்தால் இந்தச் சோதனை அதைப் பிடித்திருக்கும். பவுண்டையும் கிலோகிராமையும் அது வேறுபடுத்திப் பார்க்காது; இரண்டும் அதற்கு ஒரே நிறைதான். பரிமாணச் சோதனையில் தேறிய சமன்பாட்டில் எண் பெருக்கிகள் தவறாக இருக்கலாம் என்று பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. அந்த ஒரு வரியின் விலை என்ன என்பதற்கு இந்தக் கணக்கைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

1.77 யாரோ ஒருவர் கற்பனையில் கண்ட எண் அல்ல. அந்த நிறுவனத்தின் மற்ற எல்லா விமானங்களுக்கும் அதுவே சரியான எண்; எரிபொருள் நிரப்புவோரின் சீட்டில் வழக்கமாக வந்த எண். நாள்தோறும் பார்த்துப் பழகிய எண்ணை ஐயுற எவருக்கும் காரணம் தோன்றவில்லை. கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்கள், விடை ஒத்துப்போனது. ஒரே பெருக்கியைக் கொண்டு எத்தனை முறை போட்டாலும் ஒத்துத்தான் போகும் என்பதால், அந்தச் சரிபார்ப்பு கூட்டல் கழித்தலைச் சோதித்ததே தவிர அளவீட்டைச் சோதிக்கவில்லை.

நிகழ்வைப் பற்றிய பதிவுகளில் இந்த எண் "ஒப்படர்த்தி" என்றும் குறிக்கப்படுகிறது. ஒப்படர்த்தி என்பது ஒரு பொருளின் அடர்த்தியை நீரின் அடர்த்தியால் வகுத்து வரும் பரிமாணமற்ற எண். உண்மையிலேயே ஒப்படர்த்தியாக இருந்தால் 1.77 க்கு அலகு தேவைப்படாது. எந்த முறையிலும் அது மாறாது. அலகுள்ள ஓர் எண்ணுக்கு அலகற்ற அளவின் பெயரைச் சூட்டியபோது, "இது எந்த அலகில்?" என்று கேட்கவேண்டிய தேவையே மறைந்துபோகிறது. 1.77 என்ற ஒப்படர்த்தி கொண்ட திரவம் நீரில் மூழ்கும். மெக்னீசிய உலோகமே அதைவிடச் சற்று இலேசானது. விமான எரிபொருளோ நீரில் மிதப்பது.

காட்டிகள் வெறுமையாக இருக்கும்போது பறக்கலாமா என்பது தனிக் கேள்வி. எந்தெந்தக் கருவிகள் இயங்கினால்தான் பறக்கலாம் என்று சொல்லும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியலின்படி அது அனுமதிக்கப்படவில்லை. ஆனால் விமானத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தவருடன் நடந்த உரையாடலிலிருந்து, அது ஏற்கெனவே இதே நிலையில் பறந்துவந்தது என்றும், பராமரிப்புப் பிரிவு ஒப்புதல் அளித்துவிட்டது என்றும் தலைமை விமானி புரிந்துகொண்டார். குச்சியால் அளந்து உறுதிசெய்துகொண்டால் போதும் என்ற முடிவு இந்தப் புரிதலிலிருந்து வந்தது. பின்னர் 22,300 கிலோகிராம் என்ற எண் விமான மேலாண்மைக் கணினியில் கையால் உள்ளிடப்பட்டது. அதன்பின் அந்தக் கணினி காட்டிய மீதி எரிபொருள், தொட்டியில் அளந்ததன்று. உள்ளிட்ட எண்ணிலிருந்து செலவைக் கழித்துக்கொண்டே வந்த எண்.

ஒட்டாவாவில் எரிபொருளை மீண்டும் குச்சியால் அளக்கச் செய்தார் தலைமை விமானி. எச்சரிக்கையான முடிவுதான். நீளமும் சரியாகப் படிக்கப்பட்டது, லிட்டரும் சரியாக வந்தது. நிறைக்கு மாற்றும்போது அதே வகைப் பெருக்கி மீண்டும் வந்தது.

பின் நிகழ்ந்தவை

ஒன்டாரியோவின் ரெட் லேக் பகுதிக்கு மேலே இடப்பக்க எரிபொருள் அழுத்தம் குறைந்துவிட்டதாக எச்சரிக்கை ஒலித்தது. பம்ப் பழுது என்று முதலில் கருதப்பட்டது; கணினி எரிபொருள் இருப்பதாகவே காட்டியதால் அப்படிக் கருதியதில் வியப்பில்லை. அடுத்தடுத்த எச்சரிக்கைகள் வரவே வின்னிபெக்குக்குத் திரும்ப முடிவு செய்தனர். சற்று நேரத்தில் இடது எஞ்சினும், அதன்பின் வலது எஞ்சினும் நின்றன. எஞ்சின்களிலிருந்து வந்த மின்சாரம் நின்றதால் திரைகள் இருண்டன. காற்றால் சுழலும் அவசர டர்பைன் கட்டுப்பாட்டுக்குத் தேவையான அழுத்தத்தைக் கொடுத்தது.

எஞ்சின் இல்லாமல் இந்த விமானம் எவ்வளவு தொலைவு மிதக்கும் என்பதற்குக் கையேட்டில் எண் கிடையாது. துணை விமானி அதைக் கணக்கிட்டுப் பார்த்தார்: 10 கடல் மைல் தொலைவில் 5,000 அடி உயரம் இழக்கப்பட்டது. 10 கடல் மைல் என்பது 18,520 மீட்டர்; 5,000 அடி என்பது 1,524 மீட்டர்; வகுத்தால் ஏறத்தாழ 12. நீளத்தை நீளத்தால் வகுத்த பரிமாணமற்ற விகிதம் இது. இரண்டு நீளங்களும் வெவ்வேறு அலகில் இருந்ததால், ஒரே அலகுக்கு மாற்றாமல் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. புறப்படும் முன் தவறிய அதே வகை மாற்றம் இங்கே, இருண்ட விமானி அறையில், சரியாகச் செய்யப்பட்டது. அதன்படி வின்னிபெக்கை எட்ட முடியாது என்று தெரிந்தது. துணை விமானி முன்பு பணியாற்றிய கிம்லி தளம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

தளத்தின் ஒரு பகுதி அப்போது கார் பந்தயத் தடமாக மாறியிருந்தது. அன்று அங்கே குடும்பங்கள் கூடியிருந்தன. தலைமை விமானி கிளைடர் ஓட்டிப் பழகியவர் என்பதால், விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்தார். முன் சக்கரம் முழுமையாகப் பூட்டிக்கொள்ளவில்லை. தரையிறங்கியதும் அது மடங்க, மூக்கு தரையில் உராய்ந்து விமானம் நின்றது. எஞ்சின்கள் நின்றதிலிருந்து சுமார் 17 நிமிடம். தரையில் இருந்த எவருக்கும் காயமில்லை. வால் பகுதி உயர்ந்து நின்றதால் பின்புறச் சறுக்குப் பாதைகள் செங்குத்தாகிவிட, அவற்றில் இறங்கியோரில் சிலருக்குச் சிறு காயங்கள் ஏற்பட்டன.

நிறுவனம் முதலில் விமானிகள் மீதும் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர் மீதும் நடவடிக்கை எடுத்தது. பின்னர் நீதிபதி ஒருவர் தலைமையில் நடந்த அரசு விசாரணை, பயிற்சிக் குறைபாடு, பொறுப்புகள் ஒப்படைக்கப்படாமை, உதிரிப்பாகம் இல்லாமை ஆகியவற்றைச் சுட்டி நிறுவனத்தின் மீதே பெரும்பங்கு பொறுப்பைச் சுமத்தியது; விமானிகளின் செயலைப் பாராட்டியது. விமானம் பழுது நீக்கப்பட்டு 2008 வரை சேவையில் இருந்தது.

எதை மாற்ற வேண்டும்

அலகை எழுதியிருந்தால் போதும் என்று சொல்லி இந்த நிகழ்வை முடித்துவிடுவது எளிது. 7,682 லிட்டரை, லிட்டருக்கு 1.77 பவுண்டு என்ற அடர்த்தியால் பெருக்கினால் 13,597 பவுண்டு என்று விடையே தன் அலகைச் சொல்லியிருக்கும். அடுத்த வரியில் கிலோகிராமிலிருந்து பவுண்டைக் கழிக்க எந்தக் கையும் தயங்கும். இது உண்மைதான். ஆனால் அந்தச் சீட்டைப் பெற்றவர்களின் கையில் இருந்தது அலகு இல்லாத எண். அலகு இல்லாத எண் வந்தால் அதைக் கண்டுகொள்ள என்ன வழி என்பதே பயனுள்ள கேள்வி.

அதற்கு விடை அந்தத் தாளிலேயே இருந்தது. தொட்டியில் இருந்த 7,682 லிட்டரும் நிரப்பிய 4,917 லிட்டரும் சேர்ந்து 12,599 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம். எரிபொருள் நீரைவிட இலேசானது. ஆகவே 12,599 லிட்டர் எரிபொருள் எந்தச் சூழ்நிலையிலும் 12,599 கிலோகிராமைத் தாண்ட முடியாது. 22,300 கிலோகிராம் வேண்டுமானால் 22,300 லிட்டருக்கு மேல் இருந்தாக வேண்டும். அடர்த்தியின் துல்லிய மதிப்போ, பவுண்டின் மாற்று எண்ணோ தெரியாமலே இந்தச் சோதனையைச் செய்யலாம். எத்தனை முறை கணக்கைத் திரும்பப் போட்டாலும் கிடைக்காத சுதந்திரமான சரிபார்ப்பு இதுவே. நம் தேர்வுத்தாள்களில் விடையாக வந்த எண் நம்பத்தக்க அளவில் இருக்கிறதா என்று கேட்கும் வினா ஏறத்தாழ இல்லை என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கற்பிக்கும் முறையில் இன்னொரு திருத்தமும் தேவை. அடிப்படை அளவு என்றால் நேரடியாக அளக்கப்படுவது, வழி அளவு என்றால் அதிலிருந்து கணக்கிடப்படுவது என்ற புரிதல் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. இந்த நிகழ்வில் அளக்கப்பட்டது நீளம், அதிலிருந்து பருமன், அடர்த்தி என்ற வழி அளவின் துணைகொண்டு இறுதியாக நிறை என்ற அடிப்படை அளவு. எது அடிப்படை என்பது அலகு முறையை அமைப்பவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. எந்த வரிசையில் அளக்கிறோம் என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. 2019 மே மாதத்திலிருந்து கிலோகிராமே பிளாங்க் மாறிலி என்ற வழி அளவின் மதிப்பை நிலைநிறுத்தி வரையறுக்கப்படுகிறது. வழி அளவில் ஒன்றுக்கு மேற்பட்ட அலகுகள் இணைந்திருப்பதால் பிழை நுழையும் இடங்களும் கூடுகின்றன: லிட்டர் மெட்ரிக்காக இருந்தது, பவுண்டு அப்படி இல்லை, 1.77 இரண்டுக்கும் பாதிப்பாதி சொந்தமான எண்.

நீரோடு ஒப்பிடும் சோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துபொறிகளின் கணத்தாக்கை (விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கி வரும் அளவை) பவுண்டு-விசை வினாடியில் கொடுக்க, அதைப் பெற்ற மென்பொருள் நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது, வேறுபாடு 4.45 மடங்கு. அங்கும் பரிமாணங்கள் ஒத்தே இருந்தன. எரிபொருள் நீரில் மிதக்கும் என்பதுபோல் கணத்தாக்கைப் பற்றி யாருக்கும் அனுபவ அறிவு கிடையாது. அத்தகைய இடத்தில் தரவுக் கோப்பின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் அலகைச் சேர்த்தே அனுப்புவதும், பெறும் மென்பொருள் அலகில்லாத எண்ணை ஏற்க மறுப்பதுமே செய்யக்கூடியவை.